கண்ணாடியில் வென்றது உடலில் வெல்லுமா?

குடும்பப் புலனக் குழுவில் இப்படியொரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம்: "இந்த இலைச்சாறு புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கிறது. ஆய்வில் உறுதி!" வீட்டில் யாராவது மறுநாளே அந்த இலையைத் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

செய்தி முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பார்த்தால், பல நேரங்களில் இரண்டு சின்னச் சொற்கள் கண்ணில் படும்: 'இன் விட்ரோ'. செய்தியைப் பரப்பியவர்கள் விட்டுவிட்டது அந்த இரண்டு சொற்களைத்தான்.

இரண்டு சொற்கள், இரண்டு உலகங்கள்

இலத்தீன் மொழியில் 'விட்ரம்' என்றால் கண்ணாடி. 'இன் விட்ரோ' என்றால் 'கண்ணாடியில்'. அதாவது, உடலுக்கு வெளியே சோதனைக் குழாயிலோ ஆய்வுத் தட்டிலோ செய்யப்பட்ட சோதனை. இன்று பெரும்பாலான தட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆனாலும் பெயர் மாறவில்லை. உயிரியல் பாடத்தில் வரும் இன் விட்ரோ கருவுறுதலும் இதே பொருள்தான். கருவுறுதல் மட்டுமே தட்டில் நடக்கிறது. குழந்தை தாயின் கருப்பையில்தான் வளர்கிறது.

'இன் வீவோ' என்றால் 'உயிருள்ளதில்'. எலி, குரங்கு, மனிதன் என ஓர் உயிருள்ள உடலுக்குள் நடக்கும் சோதனை இது.

தட்டில் உயிரணுக்களைக் கொல்வது எளிது. சலவைத் திரவத்தை ஊற்றினாலும் புற்றுநோய் உயிரணு சாகும். அதற்காக அதை மருந்தென்று குடிக்க முடியுமா? உடலுக்குள் போகும் மருந்து குடலைக் கடக்க வேண்டும். கல்லீரல் சிதைத்தது போக மீதி இரத்தத்தில் கலக்க வேண்டும். நோயுள்ள இடத்தைப் போதிய அளவில் அடைய வேண்டும். நல்ல உயிரணுக்களைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். தட்டில் இந்தத் தடைகள் எதுவுமே இல்லை.

வென்ற தட்டும் தோற்ற தட்டும்

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் ஒரு பூஞ்சை பாக்டீரியாவை அழித்தது. பென்சிலின் பிறந்த கதை இது. ஆனால், அது உடலில் வேலை செய்யுமா என்பதற்கு நல்ல விடை கிடைக்க 12 ஆண்டுகள் ஆயின. 1940 மே 25ஆம் நாள், ஆக்ஸ்ஃபர்டில் ஹாவர்ட் ஃபுளோரியின் குழு 8 எலிகளுக்குக் கொடிய பாக்டீரியாவைச் செலுத்தியது. நான்கிற்கு மட்டும் பென்சிலின் தரப்பட்டது. விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்தன. பெற்றவை உயிருடன் இருந்தன. இங்கே தட்டு சொன்னதை உடலும் சொன்னது.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2020 தொடக்கத்தில், மலேரியா மருந்தான குளோரோகுயின் கோவிட்-19 கிருமியைத் தட்டில் தடுத்தது. அந்தத் தட்டில் இருந்தவை குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள். உலகமே பரபரத்தது. பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு, இதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவமனை நோயாளிகள் 1,561 பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. 28 நாள்களில் அவர்களுள் 27 விழுக்காட்டினர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் இறந்தவர்கள் 25 விழுக்காடு. மருந்தால் பயனில்லை!

ஏன்? மனித நுரையீரல் உயிரணுக்களுக்குள் நுழைய இக்கிருமிக்கு வேறொரு வாசலும் உண்டு. இம்மருந்தால் அந்த வாசலை அடைக்க முடியவில்லை. குரங்கின் சிறுநீரக உயிரணுவில் அந்த வாசல் இல்லாததால், தட்டில் உண்மை தெரியவில்லை.

இன்னும் சில சொற்கள்

'இன் சிட்டு' என்றால் 'அதன் இடத்திலேயே'. மலாயாப் புலியைத் தாமான் நெகாரா காட்டிலேயே பாதுகாப்பது இவ்வகை. விலங்குத் தோட்டத்தில் வைத்துப் பாதுகாத்தால் 'எக்ஸ் சிட்டு', அதாவது இடத்திற்கு வெளியே.

'இன் சிலிக்கோ' என்றால் கணினியில் நடக்கும் சோதனை. கணினிச் சில்லுகள் சிலிக்கானால் ஆனவை என்பதால், இலத்தீன் போல ஒலிக்கும்படி நம் காலத்தவர் உருவாக்கிய சொல் இது. பழைய ரோமானியர்களுக்கு இது தெரியாது!

'அட் லிபிட்டம்' என்றால் 'விருப்பம்போல்'. ஆய்வுக்கூட எலிக்கு எந்நேரமும் வேண்டிய அளவு உணவு கிடைத்தது என்று பொருள்.

'எட் அல்.' ஆய்வாளர் பெயருக்குப் பின்னால் வரும். திரைப்படச் சுவரொட்டியில் 'மற்றும் பலர்' என்று போடுவார்களே, அதேதான்.

ஏன் இலத்தீன்? ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அம்மொழியில்தான் எழுதினர். நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' நூலும் இலத்தீனில்தான் உள்ளது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இச்சொற்கள்.

அடுத்த முறை

இன் விட்ரோ ஆய்வு வீணல்ல. பென்சிலினும் தட்டில்தான் தொடங்கியது. ஆனால் அது முதல் படி மட்டுமே. அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்? மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டார்களா?

விடை 'தட்டில்' என்றால், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள்: "இது இன்னும் கண்ணாடியைத் தாண்டவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்." நீங்கள் கற்ற இரண்டு இலத்தீன் சொற்கள் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.