மகளின் கையில் குறடு

வேற்று நாட்டில் குடியேறிய குடும்பங்களில், அந்நாட்டு மொழியை முதலில் கற்றுத் தேர்பவர்கள் பிள்ளைகளே. வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்வதும், மருத்துவரிடம் தந்தையின் நோயை எடுத்துரைப்பதும் 12 வயது மகளின் பொறுப்பாகிவிடுகிறது. சொந்த ஊரில் பத்துப் பேருக்கு வழிகாட்டிய தந்தை, அங்கே மகளின் வாயைப் பார்த்து நிற்கிறார். வெளியே சொல்லாவிடினும் அது அவர் உள்ளத்தை உறுத்தாமல் இராது.

1983 ஆம் ஆண்டு ஜூலை மாத இனக்கலவரத்திற்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா சென்ற குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்கள் டொரான்டோ நகரின் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஸ்காபரோ பகுதியில் பழைய வீடுகளை வாங்கினர். பழுதுபார்க்க ஆள் அழைத்தால் கூலி கட்டுபடியாகாது. ஆகவே தந்தையரே கருவிகளை வாங்கினர்.

ஆனால் அவை அவர்கள் அறிந்திருந்த வீடுகள் அல்ல. ஊர் வீட்டில் கற்சுவரும் கிணறும் ஓலை வேலியும் இருந்தன. இங்கோ சுவரின் உள்ளே வெற்றிடம். பெரும்பாலும் 16 அங்குலத்திற்கு ஒரு மரச்சட்டம் நிற்க, அதன்மேல் ஜிப்சம் பலகை அறையப்பட்டிருக்கும். சட்டம் இருக்குமிடம் அறியாது ஆணி அடித்தால், மாட்டிய பலகை ஆணியோடு கீழே வரும். விரலால் தட்டி ஓசை கேட்டே இடம் காண வேண்டும்.

அத்தகைய வீடொன்றை யாம் அறிவோம். விளக்குப் பிடிப்பதற்கென்று அழைக்கப்பட்ட மகளின் கையில், நாளடைவில் தந்தை குறட்டையே கொடுத்துவிட்டார். "பெண் பிள்ளைக்கு ஏன் அண்ணா இந்த வேலை?" என்று அத்தை குறைப்பட்டாள். "குழாய் வெடித்தால், ஆண் பிள்ளை வரும்வரை தண்ணீர் காத்திருக்குமோ?" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயமே. நம் ஊரிலும் பட்டம் பெற்ற பெண்கள் பலர், தம் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே உள்ளதென்று அறியார். அது அவர்கள் குற்றமன்று. காட்டிக் கொடுக்காத பெற்றோரின் குற்றம்.

தந்தையின் முதற்பாடம், நிலவறையிலுள்ள மெயின் வால்வு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. அடைபட்ட குழாய் அந்த அழுத்தத்தால் விரிசல் காணும். பனி இளகிய பின்னரே நீர் பீறிடும். ஆதலின் குளிர் தொடங்குமுன் தோட்டக் குழாய்க்குச் செல்லும் நீரை உள்ளிருந்தே பூட்டி, எஞ்சியதை வடித்துவிட வேண்டும். சொட்டும் குழாயை மேன்மேலும் இறுக்கிப் பூட்டலாகாது. உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் இன்னும் நசுங்கும், அதை மாற்றுவதே முறை. எரிவாயுக் குழாயில் மட்டும் கைவைக்க அவர் விடவில்லை. அதற்கு உரிமம் பெற்றவரையே அழைத்தார். தொடக்கூடாததை அறிவதும் தொழிலில் பாதியன்றோ!

மகளுக்கு 15 வயது. ஜனவரி மாதத்து ஒரு பிற்பகல். கடுங்குளிர் சற்றே தணிந்திருந்தது. தந்தை வேலைக்குச் சென்றிருந்த நேரம், சமையலறைத் தொட்டியின் பின்சுவரிலிருந்து நீர் பாய்ந்தது. தாய் கைபிசைந்து நிற்க, மகள் நிலவறைக்கு ஓடி வால்வைப் பூட்டினாள். பின்பு குழாய்களையெல்லாம் திறந்து தேங்கிய நீரை வடித்தாள்.

இரவு வீடு திரும்பிய தந்தை ஈரத் தரையைப் பார்த்தார். "முதலில் எதைப் பூட்டினாய், பிள்ளை?" என்று மட்டுமே கேட்டார். அவள் வரிசையாகச் சொன்னாள்.

மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றனர். வழக்கம்போல் மகளே ஆங்கிலத்தில் கேட்டாள். கடைக்காரர் ஒரு செம்பு இணைப்பை எடுத்து வைத்தார். தந்தை அதைக் கையில் உருட்டிப் பார்த்து, இல்லையெனத் தலையசைத்தார். "அரை அங்குலம் வேண்டும்" என்று அவர் சொல்லுமுன்பே, மகள் அதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.