சங்கம் ஒரு நிலைப்பாடு எடுக்கலாமா?

கருக்கலைப்பு போல ஆளுக்கொரு கருத்து உள்ள விஷயத்தில் ஒரு சங்கம் நிலைப்பாடு எடுக்கலாமா? அயர்லாந்து நாட்டு மாணவர்கள் இதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

அங்கே 1983-ல் கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். தேவைப்பட்ட பெண்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போகணும். அங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாணவர் சங்கங்கள் கையேட்டில் அச்சிட்டன. அதற்கும் 1989-ல் வழக்கு வந்தது. 1992-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, தகவல் தரலாம் என்றார்கள்.

2012-ல் நம் கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர் சவிதா, கால்வே நகரில் இறந்துபோனார். கரு தங்காது என்று தெரிந்தும், அவர் கேட்டும், கலைக்க மறுத்துவிட்டார்கள். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. நாடே கொதித்தது.

டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ் மாணவர் சங்கம், பெண்ணின் முடிவே முடிவு என்ற நிலைப்பாட்டை ஓட்டுப் போட்டு எடுத்திருந்தது. 2017-ல் அதன் தலைவி, வக்கீல் ஆலோசனைப்படி, கையேட்டிலிருந்து அந்தத் தகவலை நீக்கினார். மாணவர்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். 69 சதவீதம் பேர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2018-ல் 66.4 சதவீத மக்கள் ஓட்டில் அந்தத் தடையே நீங்கியது.

இதில் நமக்கு என்ன இருக்கு? எதிர்த்து ஓட்டுப் போட்டவங்க மனசை யாரும் மாத்தச் சொல்லலை. ஆனா சங்கத்தின் தீர்மானம் தலைவியைவிடப் பெரிசு.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். நம் நாட்டில் 1971 முதலே சட்டம் இருக்கு. அது சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரையும், 2021 திருத்தப்படி சில பெண்களுக்கு 24 வாரம் வரையும் கருக்கலைப்பு செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். சட்டப்படி புருஷன் கையெழுத்து தேவையில்லை. நாட்டு மருந்து, தெரியாத மாத்திரை வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுங்கள்.