பழைய படை லொறிக்குப் புதிய இயந்திரம்

பாரவண்டி ஒன்று முதுமை அடையும்போது அதன் உறுப்புக்கள் யாவும் ஒருங்கே தளர்ந்துவிடுவதில்லை. சட்டமும் அச்சுக்களும் உறுதியாக நிற்க, இயந்திரம் மாத்திரம் களைத்துப் போவதுண்டு. ஐக்கிய அமெரிக்கப் படையில் 1950ஆம் ஆண்டு சேவைக்கு வந்த எம்-35 என்னும் இரண்டரைத் தொன் லொறி இதற்குச் சிறந்த சான்றாகும். மூன்று அச்சுக்களும் உந்தப்படும் வண்டி அது. இரண்டரைத் தொன் என்பது கரடுமுரடான நிலத்தில் அது சுமக்கும் பாரமே. செப்பனிட்ட வீதியில் அதன் இரட்டிப்பையும் சுமக்கும்.

தொடக்கத்தில் இவ்வண்டிக்குப் பெற்றோல் இயந்திரமே பொருத்தப்பட்டது. 1960களில் அதன் இடத்தைப் பல்லெரிபொருள் இயந்திரம் பிடித்தது. போர்க்களத்தில் எந்த எண்ணெய் கைக்கு எட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டீசலோ, மண்ணெண்ணெயோ, பெற்றோலோ, எது கிடைப்பினும் லொறி ஓடவேண்டும் என்பதே படையினரின் எண்ணம். ஆனால் பெற்றோல் இலகுவில் ஆவியாகும் எனினும், அமுக்கத்தின் வெப்பத்தால் தானே தீப்பற்றத் தயங்கும். தயங்கியபின் ஒரே கணத்தில் முழுவதும் பற்றினால் பிஸ்டனில் சம்மட்டியடி போன்ற அதிர்ச்சி உண்டாகும். ஜேர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம் இதற்கு ஓர் உபாயம் கண்டது. பிஸ்டனின் தலையிலே உருண்டையான ஒரு குழியை அமைத்து, எரிபொருளின் பெரும்பகுதியைக் காற்றிலன்றி அக்குழியின் சுவரிலே மெல்லிய படலமாகப் படியச் செய்தனர். சூடான சுவரிலிருந்து படலம் சிறிது சிறிதாக ஆவியாகி, சிறிது சிறிதாக எரிந்தது. இம்முறையைத் தழுவி எழுந்ததே எம்-35 ஏ2 லொறியின் கொன்டினென்டல் இயந்திரம். ஆறு உருளைகளும் 7.8 லீற்றர் கொள்ளளவும் கொண்டு, ஏறத்தாழ 130 பரிவலுவைத் தந்தது.

எல்லாவற்றையும் உண்ணப் பழகிய இயந்திரம் எதிலும் முழுத் திறமை காட்டவில்லை எனலாம். அதன் பருமனுக்கு அவ்வலு குறைவே. அத்துடன், படைக்கெனவே ஆக்கப்பட்ட இயந்திரமாதலால் உற்பத்தி நின்றபின் உதிரிப்பாகம் தேடுவதும் தொல்லையாயிற்று. படையினரே முதலில் மனம் மாறினர். 1970 அளவில் வந்த எம்-809 வகை ஐந்து தொன் லொறிகளுக்குச் சாதாரண வணிக லொறிகளில் ஓடிய கமின்ஸ் டீசல் இயந்திரத்தைத் தெரிந்தெடுத்தனர். 1988இல் போர்க்களத்துக்கு ஒரே எரிபொருள் என்ற கொள்கையை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மேற்கொண்டதும் பல்லெரிபொருளின் தேவையே அருகிற்று. 1990களில் பழைய எம்-35 லொறிகள் பலவற்றைப் பிரித்து, 170 பரிவலுவுள்ள கற்றபில்லர் இயந்திரமும் தானியங்கிப் பற்சில்லுப் பெட்டியும் பூட்டி, எம்-35 ஏ3 எனப் பெயரிட்டனர்.

படையிலிருந்து கழிக்கப்பட்டவற்றை வாங்கிய தனியாரும் இதே வழியில் இறங்கினர். அவர்கள் பெரிதும் நாடியது கமின்ஸின் 5.9 லீற்றர் இயந்திரத்தை. 1989இல் டொட்ஜ் சிறு லொறிகளில் வந்த இவ்வியந்திரம், கொள்ளளவிற் சிறியதாயினும் 160 பரிவலுவும் 400 இறாத்தல்-அடி முறுக்குவிசையும் உடையது. பழையதன் முறுக்குவிசை 300க்குச் சற்றே மேற்பட்டது. அந்த மிகை வலுவைப் பழைய பற்சில்லுப் பெட்டி தாங்குமா என்பதே முதற் கேள்வி. தாழ்ந்த பற்சில்லில், முழுப் பாரத்தோடு, மிதியை ஒரேயடியாக அழுத்துபவன் கையில் அது நெடுநாள் உழைக்காது.

பூட்டும் வேலையோ பொறுமையைச் சோதிப்பது. இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் இடைத்தட்டு மயிரிழையும் விலகாது மையம் கொள்ளவேண்டும். விலகினால் கிளச்சும் தாங்கிகளும் தேய்ந்தழியும். முன்னச்சு மேடுபள்ளத்தில் மேலெழும்போது எண்ணெய்த் தொட்டியில் மோதக்கூடாது. லொறியின் மின்சாரம் 24 வோல்ற். வணிக இயந்திரத்தின் தொடக்கி பெரும்பாலும் 12 வோல்ற்.

பலர் இங்கே ஏமாறுவதும் உண்டு. அச்சின் பற்சில்லு விகிதம் 6.72க்கு 1. புதிய இயந்திரத்தின் உச்சச் சுழற்சி பழையதை ஒட்டியே இருப்பதால், வண்டியின் உச்ச வேகம் ஏறக்குறைய அதேதான். மலையேறும் வேகமே கூடுகிறது. இதிற் திருப்தியுறாதவர் பெரிய டயர்களைப் பூட்டி வேகத்தையும் கூட்டுகின்றனர். ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது. மணிக்கு 50 மைலில் ஓடும் வண்டி 65 மைலில் ஓடினால், பிரேக்கு தணிக்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய எழுபது வீதம் மிகுகிறது. எம்-35 ஏ2 லொறியிலோ ஒரே எண்ணெய்ச் சுற்று எல்லாச் சில்லுகளையும் நிறுத்துகிறது. ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும். அம்மிதிக்குத் துணைநிற்கும் அமுக்கக் காற்றையும் இயந்திரமே ஊட்டவேண்டும். காற்றமுக்கி இல்லாத இயந்திரத்தைப் பூட்டுபவர் அத்துணையையும் இழப்பர். ஆதலால் அனுபவமுள்ளோர் எண்ணெய்ச் சுற்றை இரண்டாகப் பிரித்து, காற்றமுக்கியையும் பொருத்திய பின்னரே புதிய இயந்திரத்தை வீதிக்கு விடுகின்றனர். கைப்பிரேக்கு ஒன்று உண்டாயினும், அது உந்துதண்டைப் பற்றி நிற்கும் வண்டியை நிலைநிறுத்துவதற்கே அமைந்தது.