மஞ்சள் காமாலையும் இரத்தப் பரிசோதனையும்

மழை பெய்து ஓய்ந்ததும் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியின் காலி மனைகளில் கீழாநெல்லி முளைத்திருப்பதைக் காணலாம். கண் மஞ்சளானால் இதனை அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம்மிடையே நெடுங்கால வழக்கம். பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். சிலருக்கோ நோய் முற்றிவிடுகிறது. மஞ்சள் நிறம் ஒன்றாயிருக்க, முடிவு வேறுபடுவது ஏன்? இதனை அறியக் கல்லீரலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லீரலின் அமைப்பு

வயிற்றின் வலது மேற்பகுதியில், உதரவிதானத்திற்குக் கீழே கல்லீரல் அமைந்துள்ளது. வளர்ந்தவருக்கு இதன் எடை ஏறத்தாழ 1½ கிலோகிராம். இதற்கு இரத்தம் இரு வழிகளில் வருகிறது. குடலிலிருந்து உணவுச் சத்துக்களைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை நான்கில் மூன்று பங்கையும், கல்லீரல் தமனி எஞ்சியதையும் கொண்டுவருகின்றன. இவ்விரத்தம் அறுகோண வடிவமுள்ள நுண்மடல்களினூடே செல்கிறது. அங்குள்ள செல்கள் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன, நச்சுப் பொருள்களை மாற்றுகின்றன, ஆல்புமின் என்னும் புரதத்தையும் இரத்தம் உறையத் தேவையான பொருள்களையும் உண்டாக்குகின்றன, பித்தநீரைச் சுரக்கின்றன.

மஞ்சள் நிறம் எப்படி வருகிறது?

இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் இதனை நீரில் கரையக்கூடியதாக மாற்றிப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. 100 மில்லிலிட்டர் சீரத்தில் பிலிருபின் இயல்பாக 1 மில்லிகிராம் வரை இருக்கும். இது 2 அல்லது 3 மில்லிகிராமைத் தாண்டினால் கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகிறது. சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைந்தாலும், கல்லீரல் செல்கள் கெட்டாலும், பித்தநாளம் அடைபட்டாலும் இந்நிலை ஏற்படும். ஆகவே காமாலை ஒரு நோயன்று, நோயின் அறிகுறியே.

இரத்தம் கூறும் செய்தி

காரணத்தைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை உதவுகிறது. கல்லீரலால் மாற்றப்படாத பிலிருபினே மிகுந்திருந்தால் சிவப்பணுச் சிதைவை ஐயுறலாம். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்பவை செல்லுக்குள் இருக்கும் நொதிகள். இயல்பாக லிட்டருக்குச் சுமார் 40 யூனிட் வரை இருக்கும் இவை, செல்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கசிகின்றன. வைரஸ் தாக்குதலில் 1000 யூனிட்டுக்கு மேலும் உயரலாம். பித்தநாளம் அடைபட்டால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரிதும் கூடும். நாட்பட்ட நோயில் ஆல்புமின் குறையும்.

நொதிகளின் அளவு இறங்கியதும் நோய் தணிந்தது என்று முடிவுகட்டலாகாது. கசிவதற்கு நல்ல செல்கள் எஞ்சாதபோதும் அளவு இறங்கும். அப்போது உண்மையைக் காட்டுவது புரோத்திராம்பின் நேரம் என்னும் உறைதல் சோதனை. இரத்தம் உறைய மேலும் மேலும் நேரமானால் கல்லீரல் செயலிழந்து வருகிறது என்று பொருள்.

நீரும் வைரஸும்

2015ஆம் ஆண்டின் இறுதியில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரின் பல தெருக்கள் நீரில் மூழ்கின. வெள்ளத்தில் கழிவுநீர் குடிநீருடன் கலக்கும் வாய்ப்பு மிகுதி. ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் பரவுவது இவ்வழியேதான். இவை பெரும்பாலும் தாமாகவே குணமாகும். அப்போது உட்கொண்ட மருந்து எதுவாயினும் அதற்கே பெருமை சேர்ந்துவிடுகிறது! ஆயினும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஈ வகை உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தத்தின் வழியே பரவும் பி வகையோ, பல ஆண்டுகள் உடலில் தங்கிக் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் வழிகோலக்கூடும்.

கீழாநெல்லி ஆய்வு

மருந்தின் பயனை அறிய ஒப்பீடு தேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பிறரும் இத்தகைய ஆய்வு ஒன்றை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பி வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுள் ஒரு பிரிவினர்க்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றவர்க்கு மருந்தற்ற போலிப் பொடியும் 30 நாட்கள் தரப்பட்டன. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடமும், மற்ற 23 பேரில் ஒருவரிடமும் வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. உலகின் கவனம் இச்செடியின்பால் திரும்பியது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பயன் உறுதிப்படவில்லை. எனவே இன்றும் இது நிறுவப்பெற்ற மருந்தன்று.

கண் மஞ்சளானால் முதலில் செய்யவேண்டியது இரத்தப் பரிசோதனை. நினைவு தடுமாற்றம், அளவுமீறிய தூக்கம், இரத்தக் கசிவு, ஓயாத வாந்தி ஆகியவை தோன்றினாலும், நோயாளி கர்ப்பிணியாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பி வகையைத் தடுப்பூசியாலும், ஏ, ஈ வகைகளைப் பெரும்பாலும் கொதிக்கவைத்து ஆறிய நீராலும் தடுக்கலாம்.