முதுசமும் தேடிய தேட்டமும்: மலையகத் தொழிலாளி பிள்ளைக்கு எதை விட்டுச் செல்கிறார்?

அமெரிக்க எழுத்தாளர் ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட ‘த கிரேட் கெட்ஸ்பி’ என்ற நாவலில் ஒரு குடாவின் இரு கரைகளிலும் இருவகைச் செல்வந்தர்கள் வாழ்கின்றனர். ஒரு கரையில் பரம்பரைச் சொத்துடையோர். மறுகரையில் புதிதாகப் பணம் தேடியோர். வறிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த கெட்ஸ்பி எவ்வளவுதான் பணம் சேர்த்தாலும் மறுகரையினர் அவனைத் தம்மில் ஒருவனாக ஏற்பதில்லை. அவன் பணம் தேடிய வழி நேரானதன்று என்பது வேறு கதை. இளமையில் அவனுடைய எஜமானர் ஒருவர் 25,000 டொலரை அவனுக்கு எழுதிவைத்து இறந்துபோகிறார். சட்ட நுணுக்கம் ஒன்றினால் அதில் ஒரு சதமேனும் அவன் கைக்கு வரவில்லை. நாவலைப் படிப்போர் பலரும் எளிதாகக் கடந்து செல்லும் இடம் இது. மலையகத்தை அறிந்தவர்களால் அவ்வாறு கடந்து செல்ல முடியாது.

மரபுரிமையாக வந்த சொத்துக்கும் உழைத்துத் தேடிய சொத்துக்கும் இடையிலான வேறுபாடு தமிழருக்குப் புதியதன்று. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை வகுத்துள்ளது. முதுசம் முன்னோர் வழி வருவது. தேடிய தேட்டம் மணவாழ்க்கையின்போது ஈட்டப்படுவது. கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் இறந்தால் தேட்டத்தில் பாதி மற்றவருக்கு உரியது. முஸ்லிம்களின் வாரிசுரிமைச் சட்டமோ இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. பாட்டனார் வழிவந்த காணியாயினும் ஹட்டன் கடைவீதியில் சொந்த உழைப்பால் எழுப்பிய கடையாயினும், இறந்தவரின் கடன் தீர்த்து, மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத மரணசாசனத்தையும் நிறைவேற்றிய பின்னர், எஞ்சியது குறித்த பங்குகளாகப் பிரியும். இந்நாட்டில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இதற்கு இடமளிக்கின்றது.

பெருந்தோட்டத் தமிழருக்குத் தேசவழமை ஏற்புடையதன்று. அது வடமாகாணத் தமிழருக்கானது. பொதுச் சட்டமே இவர்களுக்குப் பொருந்தும். எனினும், பங்கிடுவதற்கு ஏதேனும் இருந்தால்தானே சட்டம் பற்றிய கேள்வி எழும்?

இவர்களது முன்னோர் முதுசமாகப் பெற்றது கடனே எனலாம். தமிழகத்திலிருந்து வந்த பயணச் செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. தோட்டம் மாறும்போது தொழிலாளியின் கடன் தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ அவருடன் சென்றது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. தலைக்காசு பெற்ற பெரிய கங்காணிமார் சிலர் பின்னர் காணி வாங்கித் தோட்டச் சொந்தக்காரராகவும் உயர்ந்தனர். மலையகத்தின் ‘மறுகரை’ அவ்வாறுதான் தோன்றியது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையையே முதுசமாக்கிவிட்டது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது; தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ நிரூபிக்க வேண்டும் என அச்சட்டம் கேட்டது. லயத்து அறையில் பிறந்தவரிடம் எந்த ஆவணம் இருக்கும்? 2003ஆம் ஆண்டின் சட்டமே இறுதியில் இதற்குப் பரிகாரம் கண்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஏனையோருக்கு வழங்கப்பட்ட அரச காணிகளில் இவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

தோட்டங்களின் உடைமையோ கைமாறிக்கொண்டே வந்துள்ளது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் கண்டிச் சீமைக் காடுகள் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கும் விற்கப்பட்டன. வாங்கியோரில் காலனித்துவ அதிகாரிகளும் இருந்தனர். ‘உழைத்துத் தேடியது’ என்று தோட்டத்துரைமார் பெருமை கொண்ட செல்வத்தின் அடித்தளம் இதுவே. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அத்தோட்டத்தின் சொந்தக்காரர் அல்லர். 1892இல் வேலையை இழந்த நிலையிலேயே மறைந்தார். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்று, பின்னர் 53 வருடக் குத்தகையாயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் கொழுந்து பறித்தவரின் பெயர் எந்த உறுதியிலும் இடம்பெறவில்லை.

ஆகவே, தொழிலாளி தேடிய தேட்டம் என்பது ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் பணிக்கொடையுமே. சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். பலருக்கு வாழ்நாளின் ஒரே சேமிப்பு இதுவாகும். இங்குதான் கெட்ஸ்பியின் 25,000 டொலர் நினைவுக்கு வருகின்றது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. நியமனதாரியின் பெயர் ஒருபோதும் பதியப்படாதிருக்கலாம். அல்லது முன்பே இறந்துபோன தாயின் பெயராகவே இருக்கலாம். பணம் உண்டு, உரியவரும் உண்டு. இடையே கடிதங்கள் மட்டும் அலைந்துகொண்டிருக்கும். உயிரோடு இருக்கும்போதே இப்பெயர்களைச் சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. தொழிற்சங்கங்கள் சந்தாப் பணத்துக்குக் காட்டும் அக்கறையில் சிறு பகுதியை இதற்குக் காட்டினால் போதும்.

காணியின் கதை இன்னும் நீண்டது. இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தில் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்ற அளவு வகுக்கப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் அதில் இருபத்துமூன்றில் ஒரு பங்களவே. ஆயினும் உறுதியுடன் கூடிய ஏழு பேர்ச்சஸ், உறுதியற்ற ஒரு லயத்து அறையைவிடப் பல மடங்கு பெறுமதியானது. வங்கி அதை ஈடாக ஏற்கும், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், தோட்டத்தில் எவரும் வேலைக்குப் போகாவிட்டாலும் வெளியேறச் சொல்ல எவராலும் முடியாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளின் பின்னர் இது வெறும் உரிமைக் கோரிக்கை மட்டுமன்று. சரிந்த மலைச்சரிவை விட்டு எழும்பச் சொல்வது எளிது. சொந்த நிலம் இல்லாதவர் எங்கே போய் வீடு கட்டுவார்?

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களின் சம்பளத்தைக் கணவரோ தந்தையோ சென்று வாங்கிய வழக்கமும் தோட்டங்களில் இருந்தது. ஆகையால், வழங்கப்படும் ஒவ்வொரு காணி உறுதியிலும் கணவன், மனைவி இருவர் பெயரும் எழுதப்பட வேண்டும். மலையின் உச்சிவரை கூடை சுமந்தவளுக்கு, தேடிய தேட்டத்தில் பாதி என்ற நம் பழைய வழமையின் பங்கு கிடைக்கவேண்டியது அந்த உறுதியில்தான்.