இடக்கையரின் வலது கால்

இடக்கை வீரரோடு மோதினால் ஏன் தடுமாறுகிறோம் என்று குத்துச்சண்டை பழகும் வாசகர் ஒருவர் கேட்கிறார். இடக்கையருக்கு மூளையே வேறு என்கிறார்கள் சிலர். நான் முதலில் பார்ப்பது காலை.

வலக்கையர் இடது காலை முன்வைத்து நிற்பார். ‘சவுத்பா’ எனப்படும் இடக்கையர் வலது காலை. எதிரெதிரே நின்றால் முன்கால்கள் முட்டிக்கொள்ளும், முன்கைகள் ஒன்றையொன்று மறிக்கும், முன்கையால் விடும் நேர்க்குத்தான ஜாப் பாதி வழியில் சிக்கும். ஆனால் இருவரின் பின்கைக்கும் நடுவழி திறந்து கிடக்கும். பந்தியில் உங்கள் வலப்பக்கம் இடக்கையால் சாப்பிடுபவர் உட்கார்ந்தால் முழங்கைகள் இடிக்குமே, அதேதான். அவரை இடப்பக்கம் மாற்றி உட்காரவைத்தால் இடிப்பதில்லை. இலை அதே, பாயசம் அதே, மாறியது இருக்கை மட்டும்.

வளையத்தில் அந்த இருக்கை மாற்றம் ஓர் அடிதான். உங்கள் இடது காலை அவருடைய வலது காலுக்கு வெளியே வையுங்கள். உங்கள் வலக்கை அவர் முகத்துக்கு நேராகும். அவருடைய இடக்கை குறி தவறி விலகும். அந்த அடியை அவர் முந்திக்கொண்டால் எல்லாம் தலைகீழ்: உங்கள் கல்லீரல் வலப்பக்கம் இருப்பதால் அவருடைய இடக்கை நேர்க்குத்து அங்கேயே இறங்கும். இன்னொரு வழியும் உண்டு: ஜாபுக்குக் காத்திராமல் வலக்கை நேர்க்குத்தையே முதலில் விடலாம். 2015இல் வலக்கையரான மேவெதர், சவுத்பாவான பக்கியாவோவிடம் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். 2012 டிசம்பரில், ஆறாவது சுற்று முடியும் தறுவாயில், பாய்ந்து வந்த பக்கியாவோவை இன்னொரு வலக்கையரான மார்க்கேஸ் வீழ்த்தியதும் ஒரே வலக்கைக் குத்தால்தான்.

வரலாறு சுருக்கமானது. இடக்கைச் சிறுவர்களை வலக்கையராக மாற்றியே பழக்கிய பயிற்சியாளர்கள் பலர். முதல் சவுத்பா ஹெவிவெயிட் உலக சாம்பியனாக மைக்கேல் மூரர் வந்தது 1994இல்தான்.

சண்டைக்காகவே பரிணாமம் இடக்கையரைக் காத்தது என்ற கதையை நான் அப்படியே ஏற்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இடக்கையர் சற்றுக் கூடுதலாகவே வென்றிருந்தார்கள்; ஆனால் வித்தியாசம் சிறிது. அதற்கு எளிய காரணம் போதும்: மக்களில் பத்தில் ஒருவரே இடக்கையர். அவர் தினமும் வலக்கையரோடு பழகுகிறார். நமக்கு அவர் அபூர்வம்.

ஆகவே பயிற்சியாளர்களே, இடக்கைப் பிள்ளையை மாற்றாதீர்கள். எல்லோரையும் அந்தப் பிள்ளையோடு மோதிப் பழக விடுங்கள்.