கியர் விழவில்லையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் கிளட்ச்சைப் பாருங்கள்

ஜோர்ஜ்டவுன் - பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கியர் மாற்றும்போது கரகரவெனச் சத்தம் வந்தால், “கியர்பாக்ஸ் போய்விட்டது” என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பல நேரங்களில் கோளாறு கியர்பாக்ஸில் இருப்பதில்லை. கிளட்ச்சில் இருக்கலாம். கிளட்ச்சை இயக்கும் எண்ணெய்க் குழாயில் இருக்கலாம். விரல் நுனியளவு ரப்பர் சீலில்கூட இருக்கலாம்.

இப்போது ஆட்டோமெட்டிக் கார்களே அதிகம். டிஏ உரிமம் மட்டும் எடுக்கும் இளைஞர்களுக்குக் கிளட்ச் பெடலை மிதித்த அனுபவமே இருக்காது. அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற பழைய கார் வீட்டில் நின்றால், அதன் கோளாறை எப்படிக் கண்டறிவது என்று சொல்லித் தரவும் ஆள் குறைந்து வருகிறார்கள். பட்டறைக்குப் போகும் முன் காரின் சொந்தக்காரரே செய்து பார்க்கக்கூடிய சில எளிய சோதனைகளை இங்கே விளக்குகிறோம்.

எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இது. 1798 சிசி இயந்திரம், நான்கு கியர். இதில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. கிளட்ச் பிளேட் மாற்றுவதானாலும் சரி, கியர்பாக்ஸைத் திறப்பதானாலும் சரி, இயந்திரத்தையே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். தவறாகக் கணித்தால் அத்தனை கூலியும் வீண். நன்றாக இருந்த கியர்பாக்ஸைப் பிரித்து, மறுபடி பூட்டி, காரை ஸ்டார்ட் செய்தால் அதே சத்தம் கேட்கும்.

*உள்ளே என்ன நடக்கிறது?*

கியர்பாக்ஸின் முன்னோக்கிய கியர்களில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. நாம் கியர் கோலைத் தள்ளும்போது, வேண்டிய பற்சக்கரத்தை ஒரு வளையம் தண்டோடு பூட்டுகிறது. பூட்ட வேண்டிய இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் சத்தமின்றிப் பூட்டிக்கொள்ளும். வேகம் வேறுபட்டால் பல்லோடு பல் மோதும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான்.

இந்த வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்புதான் சின்க்ரோமெஷ். 1928-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் முதலில் வந்தது. கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று பற்சக்கரத்தோடு உரசி, அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது.

ஆனால் இந்த வளையம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கிளட்ச், இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துவிட வேண்டும். பெடலை அடிவரை மிதித்தும் கிளட்ச் பாதியே பிரிந்தால், இயந்திரம் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த அந்தச் சின்னஞ்சிறு வளையத்தால் முடியாது. கியர் விழாது, அல்லது கரகரத்து விழும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் வளையம் தேய்ந்துபோகும். அப்போது கியர்பாக்ஸ் உண்மையிலேயே பழுதாகிவிடும். ஒரு ரப்பர் சீலில் தொடங்கிய கோளாறு கியர்பாக்ஸ் வரை போவது இப்படித்தான்.

*மூன்று சோதனைகள்*

முதல் சோதனை: இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் காரைச் சற்று முன்பின் அசைத்து மறுபடி போடுங்கள். நிறுத்திய நிலையில் எல்லாம் சுலபமாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் எல்லாமே அடம்பிடித்தால், சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான் வர வேண்டும்.

இரண்டாவது சோதனை: சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில், கை பிரேக்கை இழுத்துவிட்டுச் செய்யுங்கள். இயந்திரம் சூடேறி, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கட்டும். கிளட்ச்சை அடிவரை மிதித்து ஐந்து விநாடி காத்திருங்கள். பிறகு ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. ஆகவே தண்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும். காத்திருந்து போட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை.

மூன்றாவது சோதனை: பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால், எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம்.

சாலையிலும் ஓர் அறிகுறி கிடைக்கும். பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் அதிகம் கியர் மாற்ற வேண்டியதில்லை. அங்கே கார் நன்றாகவே ஓடும். ஜோர்ஜ்டவுன் நெரிசலில் நுழைந்ததும்தான் தொல்லை தொடங்கும். சிவப்பு விளக்கில் முதல் கியரில், கிளட்ச்சை மிதித்தபடி நிற்கும்போது கார் மெல்ல முன்னே நகரப் பார்த்தால், மாஸ்டர் சிலிண்டரின் சீல் அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று ஊகிக்கலாம்.

*கண்ணால் பார்க்க வேண்டியவை*

எம்ஜிபியில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் ஒரு கம்பியைத் தள்ளிக் கிளட்ச்சைப் பிரிக்கும்.

முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விளிம்பில் சற்று விலக்கினால், உள்ளே தேங்கிய எண்ணெய் சொட்டும். மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் பெடல் கம்பியிலும் கால்மிதியிலும் ஈரம் தெரியும். இந்த எண்ணெய் பெயின்டை அரித்துவிடும். பட்ட இடத்தை உடனே துடையுங்கள்.

அடுத்து, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் ஊசியைப் பாருங்கள். வட்டமான துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், காலின் அசைவில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே வீணாகிவிடும். புதிய சிலிண்டர் போட்டும் கியர் சரியாக விழாததற்கு இந்தச் சிறிய ஊசி காரணமாக இருப்பதுண்டு.

பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பியைக் கவனிக்கட்டும். பெடல் அடிவரை போயும் கம்பி கொஞ்சமே நகர்ந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் பழையதாகி, அழுத்தத்தில் பலூன்போல் உப்பினாலும் இப்படி ஆகும். கம்பி முழுமையாக நகர்ந்தும் ரிவர்ஸ் கரகரத்தால்தான் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் போன்றவற்றைப் பார்க்க இயந்திரத்தைத் தூக்க வேண்டிய நிலை வரும்.

*பினாங்கின் ஈரக் காற்று*

கிளட்ச்சில் ஊற்றும் பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. கடலோரத் தீவில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். சேர்ந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். துருவின் சொரசொரப்பு சீலை அறுக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றுவது நல்லது.

பல மாதம் அசையாமல் நின்ற காரில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடல் வழக்கம்போல் இருக்கும், ஆனால் இயந்திரம் ஓடும்போது எந்தக் கியரும் விழாது. கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து குலுக்கிப் பிரிக்கும் வித்தையை வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். பட்டறைக்கு இழுத்துச் செல்வதே பாதுகாப்பு. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால், உள்ளே சேர்ந்த தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது.

*எப்போது கியர்பாக்ஸைச் சந்தேகிப்பது?*

எல்லாக் கியரும் அடம்பிடித்தால் கிளட்ச், ஒரு கியர் மட்டும் அடம்பிடித்தால் கியர்பாக்ஸ். இது முழு விதியல்ல என்றாலும் நல்ல தொடக்கம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரத்தால், இரண்டாம் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம்.

தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதை இறக்கத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும், அல்லது பூட்டும் பற்கள் தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளையும், கியர் கோலின் அடியிலுள்ள புஷ்ஷையும் பாருங்கள்.

நியூட்ரலில் நிற்கும்போது இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங்.

சில சத்தங்கள் கோளாறே அல்ல. 1967-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் தலைமுறை வரும்வரை, எம்ஜிபியின் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. அந்தக் கார்களில் வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். முழுமையாக நிறுத்தி, இரண்டாம் கியரை லேசாகத் தொட்டுவிட்டு முதலுக்குப் போனால் சத்தமின்றி விழும்.

*எந்த எண்ணெய்?*

எம்ஜிபியின் மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்ற வேண்டியது 20டபிள்யூ-50 இயந்திர எண்ணெய். கியர்பாக்ஸ்தானே என்று கடையில் கெட்டியான ஜிஎல்-5 கியர் ஆயிலை வாங்கி ஊற்றுவோர் உண்டு. அதிலுள்ள சில சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாது. ஓவர்டிரைவ் உள்ள கார்களில் அதற்கும் இதே எண்ணெய்தான் போகிறது என்பதால் அதுவும் பாதிக்கப்படும். மற்ற கார்களுக்கு அளவும் வகையும் மாறும். அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே கணக்கு.

எண்ணெயை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். மெல்லிய பொன்னிறத் தூள் கொஞ்சம் இருப்பது பித்தளையின் வழக்கமான தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சில்லுகள் வந்தால், காரை மேலும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

*பட்டறையில் என்ன சொல்வது?*

“கியர்பாக்ஸ் சரியில்லை” என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் கியர்பாக்ஸைத்தான் கழற்றுவார். அதற்குப் பதிலாக நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். எல்லாக் கியரிலுமா, ஒன்றில் மட்டுமா? இயந்திரம் நின்றிருக்கும்போது விழுகிறதா? ஐந்து விநாடி காத்திருந்தும் ரிவர்ஸ் கரகரக்கிறதா? பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் சரியாகிறதா?

இந்த நான்கு பதில்களும் கையில் இருந்தால், இயந்திரத்தைத் தூக்கும் முன் சீலையும் ஹோஸையும் ஊசியையும் பாருங்கள் என்று நீங்கள் தெளிவாகக் கேட்கலாம். அதுவரை காரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கியரை வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். கியர் கோலில் கையையும் கிளட்ச் பெடலில் காலையும் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால், அதையும் இன்றே விட்டுவிடுங்கள்.